வேலை நாளில் அலாரம் காதில் விழுவதில்லை, விடுமுறை நாளில் 14 மணி நேர உறக்கம்: இது நோயா, சோம்பலா?

கோளிவாடாவாசி | ஜூலை 6, இரவு 11.50

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது ஆகிறது. மும்பை சயான் கோளிவாடாவில் பெற்றோருடனும் தங்கையுடனும் குடியிருக்கிறேன். ஐரோலியில் உள்ள ஒரு பேக் ஆஃபீஸ் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்று நாட்டு வாடிக்கையாளர்களையும் ஒரே குழு கவனிப்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஷிப்ட் மாறும். இப்போது அமெரிக்க ஷிப்ட் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. அதை அடுத்து வரும் லண்டன் ஷிப்ட் பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை. பிறகு சிட்னி ஷிப்ட், அதிகாலை 4.30 முதல் பிற்பகல் 1.30 வரை. அது முடிந்ததும் மறுபடி அமெரிக்கா. நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் திருத்தி வைப்பதில்லை. ஆனாலும் அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் திருத்தி வைக்கும்போது, கோளிவாடாவில் என் உறக்கமும் ஒரு மணி நேரம் இடம் பெயர்ந்துவிடுகிறது.

என் சிக்கல் இதுதான். சிட்னி ஷிப்ட் வாரங்களில் கம்பெனி வண்டி 2.45 மணிக்கு வாசலுக்கு வந்துவிடும் என்பதால் நான் 2 மணிக்கு எழ வேண்டும். இரண்டு கைபேசிகளிலும் ஒரு மேசைக் கடிகாரத்திலும் அலாரம் வைக்கிறேன். அவை அடிக்கின்றன, நானே எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைக்கிறேன், பிறகு படுத்துவிடுகிறேன் என்று தங்கை சொல்கிறாள். எனக்கு அதில் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை. கடந்த மூன்று மாதத்தில் மூன்று முறை வண்டியைத் தவறவிட்டதற்காக அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இன்னொருமுறை நடந்தால் மதிப்பீட்டில் கை வைப்பார்கள்.

இதற்கு நேர்மாறானது வீக் ஆஃப். அமெரிக்க ஷிப்ட் முடிந்து வரும் முதல் விடுமுறை நாளில் 14 மணி நேரம், இரண்டாம் நாளில் 11 மணி நேரம் என்று தூங்குகிறேன். அவ்வளவு தூங்கி எழுந்தாலும் தலை பாரமாகவே இருக்கிறது. போன மாதம் லண்டன் ஷிப்ட் முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, ஜிடிபி நகரில் இறங்க வேண்டியவன் கடைசி நிலையமான சிஎஸ்எம்டியில் ஒரு காவலர் தோளைத் தட்டிய பிறகே கண் விழித்தேன். பனவேலுக்குத் திரும்பும் கடைசி வண்டிகளில் ஒன்றைப் பிடிக்க நடைமேடையில் ஓடியதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா என்னைக் கும்பகர்ணன் என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பிற்பகல் 3 மணிக்கு நான் தூங்கும் பரணிலிருந்து இறங்கி வரும்போது அவர் செய்தித்தாளை மடிக்கும் விதத்திலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது. அதிகமாகத் தூங்குவது ஒரு நோயா? விடுமுறை நாளில் வலிந்து எழுந்து, குறைவாகத் தூங்கிப் பழகினால் சரியாகுமா? இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

---

வெள்ளுடை | ஜூலை 7, காலை 8.20

தம்பி, நான் பரேல் பக்கம் ஒரு மருத்துவமனையில் 18 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அதில் பாதிக்குமேல் நைட் டியூட்டி. உங்கள் பதிவைப் படித்ததும் நான் முதலில் செய்தது, ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்ததுதான். அமெரிக்க ஷிப்டில் அதிகாலை 3.30க்கு வேலை முடிந்தால், மற்றவர்களை இறக்கிவிட்டு வண்டி கோளிவாடா வந்து சேர 4.45 ஆகியிருக்கும். 5.15க்குப் படுத்து, வீட்டுச் சத்தத்தில் 9.45க்கு எழுந்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நாலரை மணி நேரம். ஐந்து வேலை நாளுக்கு 22.5 மணி. வீக் ஆஃபில் நீங்கள் சொல்லும் 14ஐயும் 11ஐயும் சேர்த்தால் வாரத்துக்கு 47.5 மணி. ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 6 மணி 47 நிமிடம்தான் வருகிறது. பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. ஆகவே நீங்கள் அதிகம் தூங்குபவர் அல்லர். குறைவாகத் தூங்கிவிட்டு, பாக்கியை மொத்தமாக அடைக்கப் பார்ப்பவர். கும்பகர்ணனுக்காவது ஆறு மாதம் என்று ஒரு கணக்கு இருந்தது, உங்களுக்கு அதுவும் இல்லை.

விடுமுறையில் வலிந்து எழுவது இதற்குத் தீர்வாகாது. நாலரையை ஆறரையாக்குவதே முதல் வேலை, அது உங்கள் கையைவிட வீட்டார் கையில்தான் அதிகம் இருக்கிறது. நானும் அந்தப் பக்கத்தில் குடியிருந்தவள் என்பதால் உங்கள் காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 6 மணிக்குக் குழாயில் தண்ணீர், அதன் பிறகு குக்கர், 7 மணிக்குள் தாராவியிலிருந்து சைக்கிளில் வரும் இட்லிக்காரரின் ரப்பர் ஹாரன், அதற்கு மேல் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. இட்லிக்காரரை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம், பரணின் சன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்துப் போடலாம், ஒரு மின்விசிறியைச் சுவரைப் பார்த்து ஓடவிட்டு அதன் இரைச்சலால் மற்ற சத்தங்களை மூடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலை 5 முதல் 11 வரை உங்களுக்கு நள்ளிரவு என்பதை அம்மாவிடம் உட்கார்ந்து பேசிப் புரியவைக்க வேண்டும். இரவு 1 மணிக்கு யாராவது வந்து கேஸ் புத்தகம் எங்கே என்று அவரை எழுப்பினால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். என் வீட்டில் அந்த ஒரு கேள்விதான் வேலை செய்தது.

ஒரே மூச்சில் ஆறரை மணி நேரம் முடியாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். காலையில் நாலரை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பிற்பகலில் ஒன்றரை. தேநீரையும் பாருங்கள். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். 3 மணிக்கு, தூக்கம் வராமல் இருக்க என்று குடிக்கும் கட்டிங் சாய்தான் 5.15க்கு உங்களைப் புரள வைக்கிறது. அமெரிக்க ஷிப்டில் நள்ளிரவுக்குமேல் அதைத் தொடாதீர்கள்.

---

முலுண்டு மூத்தவன் | ஜூலை 7, பிற்பகல் 1.05

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எனக்கும் இதே தொல்லை இருந்தது. மருந்துக்கடையில் சொல்லி அல்பிரசோலம் வாங்கி அரை மாத்திரை போட்டால் எந்த நேரத்திலும் தூக்கம் வந்துவிடும். இணையத்தில் மெலடோனின் மிட்டாய்கூடக் கிடைக்கிறது. அதுவும் ஒத்துவராவிட்டால் இரவு வேலையை விட்டுவிடுங்கள். இரவுப் பணி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

---

மாட்டுங்கா மருத்துவன் | ஜூலை 7, இரவு 10.15

நான் நுரையீரல் மருத்துவர். தூக்கக் கோளாறுகளையும் பார்ப்பவன். மேலே சொல்லப்பட்ட மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அல்பிரசோலம் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணையில் இருப்பது. அது பழக்கத்துக்கு அடிமையாக்கும். தொண்டைத் தசைகளைத் தளர்த்திவிடும் என்பதால், உறக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு ஒருவருக்கு இருந்தால் அதை இன்னும் மோசமாக்கும். கேள்வி கேட்டவருக்கு அந்தக் கோளாறு இருக்கக்கூடும் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். புற்றுநோய் பற்றிய செய்தி முழுப் பொய்யல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மறுபடி 2019இலும், இரவுப் பணியை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்னும் 2ஏ பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு சான்றுகள் எவ்வளவு வலுவானவை என்பதைக் காட்டுமே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைக் காட்டாது. ஆட்டிறைச்சி உள்ளிட்ட சிவப்பு இறைச்சியும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கிறது. வாடகையும் தங்கையின் படிப்பும் தலைமேல் இருக்கும் ஒருவரிடம் வேலையை விடச் சொல்வது எளிது.

இனி அலாரம். நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்துக்கான அழுத்தத்தைக் கூட்டுகிறது. இதற்குத் தொடர்பில்லாமல், மூளையின் அடியில் ஹைப்போதாலமஸ் பகுதியில் உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள், கண் வழியே வரும் வெளிச்சத்தைப் பார்த்து இது பகல், இது இரவு என்று உடல் முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து உறக்கத்தை ஆள்கின்றன என்ற கருத்தை 1982இல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். அந்த உட்கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இன் மருத்துவ நோபல் பரிசு மூன்று அமெரிக்க அறிஞர்களுக்குக் கிடைத்தது.

சிட்னி ஷிப்டை இதில் பொருத்திப் பாருங்கள். 2 மணிக்கு எழ வேண்டியவர் இரவு 7 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். ஆனால் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உட்கடிகாரம் நம்மை விழித்திருக்கச் சொல்லி மிகவும் வற்புறுத்துகிறது. எவ்வளவு களைத்திருந்தாலும் அப்போது கண் மூடாது. ஆகவே நீங்கள் 10.30க்குமேல்தான் தூங்கியிருப்பீர்கள். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் வரும். 2 மணி அலாரம் சரியாக அந்த ஆழத்தில் வந்து அடிக்கிறது. அந்நேரம் உடல் வெப்பமும் தன் அடிமட்டத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். இப்படி எழுப்பப்படுபவருக்குக் கை கால் இயங்கும், வாய்கூடப் பேசும், ஆனால் தீர்மானிக்கும் பகுதியும் நினைவில் பதியும் பகுதியும் விழித்துக்கொள்ள அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். தங்கை பார்த்தது அதைத்தான். நான்காவது அலாரம் இதற்கு உதவாது. கடிகாரத்தைப் பரணில் வைக்காமல் கீழே குளியலறை வாசலில் வைத்து, அது அடிக்கும்போது விளக்கும் எரியும்படி செய்யுங்கள். ஏணியில் இறங்கும்போது கவனம் தேவை, அரைத் தூக்கத்தில் ஏணி ஆபத்தானது.

உங்கள் ரோஸ்டரில் எனக்குப் பட்ட இன்னொரு குறை, அது பின்னோக்கிச் சுழல்கிறது என்பது. மாலை 6.30, பிறகு 1.30, பிறகு அதிகாலை 4.30 என்று ஒவ்வொரு மாற்றத்திலும் உங்களை முன்னதாக எழச் சொல்கிறார்கள். மனித உட்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். எனவே தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவது உடலுக்குச் சற்று எளிது, முன்னதாக எழுவது கடினம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் வாரம்தோறும் பின்னோக்கிச் சுழன்ற ஷிப்டை முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். தொழிலாளர் மனநிறைவும் உற்பத்தியும் கூடின என்று 1982இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சிட்னி, லண்டன், அமெரிக்கா என்ற வரிசைக்கு மாற்றினால் உங்கள் நிறுவனத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மேலும், உட்கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவில்தான் நகரும். ஒன்பது மணி நேர மாற்றத்துக்கு அது ஏறத்தாழ பத்து நாளாக நகர்ந்து வந்து சேரும்போது, உங்கள் இரண்டு வாரம் முடிந்து அடுத்த ஷிப்ட் தொடங்கிவிடும்.

இதெல்லாம் ஷிப்ட் செய்யும் வேலை. ஆனால் எல்லாப் பழியையும் ஷிப்ட் மேல் போட்டுவிட்டு வேறொரு நோயைத் தவறவிடும் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சில கேள்விகள். 14 மணி நேரம் தூங்கிய பிறகும் தலை பாரம் என்கிறீர்கள், குறட்டை உண்டா? எழும்போது வாய் உலர்ந்திருக்கிறதா? இந்த ஆறு ஆண்டில் எடை எவ்வளவு கூடியது? ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஷிப்ட் இல்லாமல் இருந்தபோது உங்கள் உறக்கம் எப்படி இருந்தது? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வெறும் உறக்கப் பாக்கி என்றால், முதல் சில நாள்கள் நிறையத் தூங்கிவிட்டுத் தானாகவே ஏழெட்டு மணி நேரத்தில் வந்து நிற்கும். நிற்காவிட்டால் தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு, இன்னும் அரிதான தூக்க நோய்கள் என்று தேட வேண்டியிருக்கும். எப்வொர்த் அளவுகோல் என்று 1991இல் ஆஸ்திரேலியாவில் வகுத்த எட்டுக் கேள்விகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றுக்கும் விடை போட்டு மொத்த மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். 24க்கு 10ஐத் தாண்டினால் அது இயல்பான தூக்கக் கலக்கம் அல்ல.

---

பழைய மில்காரன் | ஜூலை 8, காலை 6.40

நான் 1974 முதல் 1982 வரை லால்பாக் பகுதியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவன். அந்த ஆண்டு ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது, பிறகு நாங்கள் யாரும் உள்ளே திரும்பவில்லை. அக்காலத்தில் நாங்கள் 'ராத் பாளி' என்று சொல்லும் மூன்றாம் ஷிப்ட் நள்ளிரவில் தொடங்கும். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில் பதினோரு பேர் இருந்தோம். காலையில் நாங்கள் திரும்பும்போது முதல் ஷிப்டுக்குப் போனவர்கள் பாயைச் சுருட்டாமலே விட்டுப் போயிருப்பார்கள், அதன் சூடு ஆறுவதற்குள் அதிலேயே விழுந்து தூங்குவோம். சாப்பாடு வெளியே கானாவளியில் என்பதால் அறையில் அடுப்பு இல்லை, குழந்தை இல்லை, விருந்தாளி இல்லை. அந்த நடைபாதையில் இருந்த எல்லா அறையும் ஆலைக்காரர் அறை. பகல் 10 மணிக்கு யாராவது உரக்கப் பேசினால் நாலு கதவு திறக்கும். பகலில் தூங்குபவனைச் சோம்பேறி என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் தம்பிக்கு எங்களைவிட நல்ல படுக்கை இருக்கிறது, ஆனால் அவரோடு சேர்ந்து தூங்கும் கட்டடம் இல்லை. குடும்பம் ஒரு நேரத்தில், அவர் ஒரு நேரத்தில். அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தறியில் கண்ணயர்ந்து விரலை விட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும். ஒன்று கேட்க வேண்டும். எங்கள் சந்தில் இட்லி போடும் ஒருவர் முப்பது ஆண்டாக அதிகாலை 2.30க்கு எழுகிறார், அலாரமே வைப்பதில்லை. அவருக்கு முடிவது இவருக்கு ஏன் முடியவில்லை?

---

மாட்டுங்கா மருத்துவன் | ஜூலை 8, பிற்பகல் 2.30

நல்ல கேள்வி ஐயா. அந்த இட்லிக்காரர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று பாருங்கள், எட்டைத் தாண்டாது. ஞாயிறும் அதே நேரம், தீபாவளியும் அதே நேரம். அவர் தன் நாள் முழுவதையும் அப்படியே முன்னே நகர்த்தி வைத்துக்கொண்டவர், அவருடைய கடிகாரமும் கூடவே நகர்ந்துவிட்டது. இரவு முழுக்க வேலை செய்பவருக்கு அது நடப்பதில்லை. காலை வெளிச்சம் ஒரு பக்கம் இழுக்கும், வீக் ஆஃபில் குடும்பத்தோடு பகல் வாழ்க்கைக்குத் திரும்புவது மறுபக்கம் இழுக்கும். நிரந்தரமாக இரவுப் பணி செய்பவர்களிலேயே, மெலடோனின் என்ற உறக்க ஹார்மோனின் சுரப்பு முழுமையாகப் பகல் உறக்கத்துக்கு மாறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு என்று 2008இல் வந்த ஒரு மறுஆய்வு காட்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறுபவருக்குச் சொல்லவே வேண்டாம்.

---

கோளிவாடாவாசி | ஜூலை 8, இரவு 11.30

அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் கணக்கை அம்மாவிடம் அப்படியே எழுதிக் காட்டினேன். 6 மணி 47 நிமிடம் என்ற எண்ணை அவர் இரண்டுமுறை படித்தார். இட்லிக்காரர் பற்றி மட்டும் ஒரு திருத்தம்: எங்கள் சந்துக்கு அவர் 6.30க்கே வந்துவிடுவார்.

மருத்துவர் கேட்டவற்றுக்குப் பதில். பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் பத்து நாள் இருந்தேன். முதல் மூன்று நாளும் சாப்பிட மட்டுமே எழுந்தேன். அதன்பின் இரவு 10.30க்குப் படுத்து யாரும் எழுப்பாமலே 7 மணிக்கு எழுந்துகொண்டேன். எனவே பாக்கி என்று நீங்கள் சொல்வது சரியென்றே படுகிறது. ஆனால் பத்தாவது நாளும் எழும்போது வாய் உலர்ந்து, நெற்றியில் ஒரு வலியோடுதான் எழுந்தேன். ஒரே அறையில் படுத்திருந்த அத்தான் என் குறட்டை தாங்காமல் இரண்டாம் இரவே பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அதை அப்போது எல்லாரும் சிரித்துக் கடந்துவிட்டோம். இடையில் குறட்டை சட்டென்று நின்று, பிறகு மூச்சுத் திணறுவதுபோல் ஒரு சத்தத்தோடு மறுபடி தொடங்கும் என்று இன்று கைபேசியில் கேட்டபோது சொன்னார். வேலைக்குச் சேர்ந்தபோது 74 கிலோ, இப்போது 91. எப்வொர்த் மதிப்பெண் 15.

---

மாட்டுங்கா மருத்துவன் | ஜூலை 9, காலை 7.10

அத்தானுக்கு நீங்கள் ஒரு நன்றி சொல்ல வேண்டும். குறட்டை நின்று, திணறலோடு திரும்பத் தொடங்குவது மூச்சுப்பாதை அடைபடுவதற்கான தெளிவான அறிகுறி. ஒவ்வொருமுறை அடைபடும்போதும் மூளை சில விநாடி விழித்துத் தொண்டையைத் திறக்க வேண்டியிருக்கிறது. அது உங்களுக்கு நினைவில் இருக்காது. 14 மணி நேரம் படுத்திருந்தாலும் உறக்கம் துண்டு துண்டாகத்தான் இருந்திருக்கும். அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் நுரையீரல் பிரிவிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ காட்டித் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். வீட்டிலேயே ஓர் இரவு கருவியை மாட்டிக்கொண்டு செய்யும் வகையும் உண்டு. அறிக்கையில் ஏஎச்ஐ என்ற எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நின்றது அல்லது மிகவும் குறைந்தது என்பது அது. 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

அதுவரை 14 நாளுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், எந்த ஷிப்ட், எத்தனை தேநீர். மருத்துவரிடமும் எச்.ஆரிடமும் அதுவே உங்களுக்காகப் பேசும். பரிசோதனை முடியும்வரை பைக் ஓட்டாதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 0.03தான்.

---

கோளிவாடாவாசி | ஆகஸ்ட் 19, இரவு 9.40

ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். வீட்டிலேயே பரிசோதனை செய்துகொண்டேன். ஏஎச்ஐ 22 வந்தது. மூக்கில் காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சீபேப் கருவியைப் பரிந்துரைத்தார்கள், இப்போது மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முதல் நான்கு நாள்கள் முகமூடியைத் தூக்கத்திலேயே கழற்றி எறிந்தேன். ஐந்தாம் நாள் தலைவலி இல்லாமல் எழுந்தபோது, காலையில் தலை வலிக்காமல் இருப்பதுதான் இயல்பு என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன் என்று தெரிந்தது.

அலுவலகத்தில் பாதி வெற்றிதான். ரோஸ்டரின் வரிசையை முன்னோக்கி மாற்றும்படி நாட்குறிப்போடு எழுதிக் கொடுத்தேன். அது வேறொரு பிரிவின் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் குழுவில் ஒருவர் மாலையில் கல்லூரிக்குப் போவதால் சிட்னி ஷிப்டையே விரும்புகிறார். டீம் லீடர் எங்கள் இருவருக்கும் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். எனவே எனக்கு இப்போது லண்டனும் அமெரிக்காவும் மட்டும்தான். எச்சரிக்கைக் கடிதத்தை எடுக்க மறுத்துவிட்டார்கள், மருத்துவ அறிக்கையை அதோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஷிப்ட் வாரத்தில் என் உறக்கம் சராசரியாக 6 மணி 10 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. வீக் ஆஃபில் 9 மணி நேரத்துக்குமேல் உடலே கேட்பதில்லை.

ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. வேலைக்குக் கிளம்புமுன் பிற்பகலில் தூங்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் இந்தக் கருவியை மாட்ட வேண்டுமா? பரணில் இடமில்லாததால் கருவியைத் தலைமாட்டில் ஒரு பலகைமேல் வைத்திருக்கிறேன், குழாயில் தண்ணீர் தேங்குவதுபோல் ஒரு சத்தமும் வருகிறது.

---

வெள்ளுடை | ஆகஸ்ட் 20, காலை 8.05

கட்டாயம் மாட்ட வேண்டும் தம்பி. பகலானாலும் இரவானாலும், அரை மணி நேரமானாலும், தூங்கினால் மூச்சு அடைபடும். பலகையை எடுத்துவிட்டு, கருவியை உங்கள் படுக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி பரணின் ஓரத்தில் ஒரு தட்டு அடித்து வையுங்கள். ஈரப்பதம் தரும் தொட்டியில் உள்ள நீர் மேலிருந்து குழாய்க்குள் இறங்கி முகத்துக்கு வரக் கூடாது. மழைக்காலத்தில் மும்பையில் காற்றே ஈரமாக இருக்கும், அந்தத் தொட்டி தரும் ஈரப்பத அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முகமூடியைத் தினமும் கழுவி, அம்மா துணி காயப்போடும் கயிற்றில் வெயில் நேராகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.